தெற்கே விழுந்த சிவப்பு

கார்த்திகா போன் செய்தபோது நான் கொளவாய் ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து என்னால் வீட்டில் உட்கார முடிவதில்லை. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, நடுவில் பஜாருக்கு எதையோ வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு இன்னொரு நடை. "செங்கல்பட்டையே அளந்து முடிச்சிட்ட, இனிமே எங்க போவ?" என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

கார்த்திகா, சிறுசேரியில் நான் வேலை பார்த்த வரைபட நிறுவனத்தில் எனக்குக் கீழே இருந்தவள். இப்போது அந்தப் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு.

"ஃபரீதாக்கா, இப்பல்லாம் நாங்க கோடிங்கே எழுதறதில்ல. டெக்ஸ்ட் ஃபைலக் குடுத்து இன்ன மாதிரி மேப் வேணும்னு சொன்னா மெஷினே எழுதிக் குடுத்துடுது. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள படம் ரெடி."

"நல்லதுதானே. யாரு சரிபாக்கறா?"

"அதுவும் மெஷின்தான்."

"நேர்ல போய்ப் பாக்கறது?"

"வேனை நிறுத்திட்டாங்கக்கா. எல்லாம் சாட்டிலைட் படத்துல பாத்துக்கலாமாம். அதான் உங்களக் கேக்கறேன். அந்தக் குப்பத்து விஷயத்த ஒரு தடவ எழுதிக் குடுங்க. நான் சொன்னா இங்க புதுசா வந்தவங்க கதை வுடறேன்னு நெனைக்கிறாங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன், எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், மறுபடி திறந்தேன். அப்படி எழுந்தும் உட்கார்ந்தும் எழுதியதுதான் இது.

நான் படித்தது புவியியல். அத்தாவுக்கு பஜாரில் செருப்புக்கடை. பெண் பிள்ளை ஊர் ஊராகப் போகிற வேலை வேண்டாம் என்று அவர் நினைத்ததால், ஒரு ஒப்பந்தக்காரரிடம் மேஜையில் உட்கார்ந்து ஏரி, வாய்க்கால், வயல் எல்லைகளை டிரேசிங் தாளில் மசியால் இழுக்கும் வேலை கிடைத்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மசி போய் மவுஸ் வந்தது. கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் ஆன பிறகு, என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றேன். அதை வைத்துத்தான் சிறுசேரியில் வேலை கிடைத்தது. திருப்போரூர் வழியாகக் கம்பெனி வேனில் போய் வருவேன்.

அங்கே என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வரும் தரவு மிக எளிமையானது. ஒரு டெக்ஸ்ட் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள். ஒரு இடத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை, அந்த இடத்தில் அளந்த ஏதோ ஒரு மதிப்பு. கிணற்றுநீரின் உப்பாக இருக்கலாம், நிலத்தின் உயரமாக இருக்கலாம். இந்தப் புள்ளிகளை எடுத்து நிரல் ஒரு பெரிய கட்டத்தாள் மாதிரிப் பரப்பும். புள்ளி இல்லாத கட்டங்களுக்குப் பக்கத்துப் புள்ளிகளை வைத்து மதிப்பைக் கணக்கிடும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நிறம். அதுதான் ராஸ்டர் படம். அத்தோடு முடிந்தால் அது வெறும் கோலம். படத்தின் இடது மேல் மூலை பூமியில் எங்கே இருக்கிறது, ஒரு கட்டம் எத்தனை மீட்டர், எந்த அளவை முறை என்பதையெல்லாம் நிரல் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். அதன் பிறகு எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அது பூமியில் தன் இடம் எது என்று சொல்லும். தப்பாக எழுதியிருந்தாலும் அதே நம்பிக்கையோடு சொல்லும்.

எங்கள் பக்கத்தில் தீர்க்கரேகை எண்பது, அட்சரேகை பன்னிரண்டு சொச்சம். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் இடம் மாற்றிவிடுவார்கள். உடனே படாளத்து ஏரி வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலில் போய் மிதக்கும். "ஐஸ் ஏரி வந்துடுச்சி" என்று ஆபீஸே சிரிக்கும். பெரிய தப்புகளால் ஆபத்தில்லை. அவை தம்மைத்தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

பிரிவுக்குத் தலைவி ஹெலன் மேடம். நாகர்கோவில்காரர். அணு ஆராய்ச்சி வேலையில் இருந்த கணவரோடு கல்பாக்கம் கடற்கரைக்கு வந்து, குவார்ட்டர்சிலேயே வாழ்ந்தவர். உயரமாக, எப்போதும் பருத்திச் சேலையில் இருப்பார். கண்ணாடி கழுத்துச் சங்கிலியில் தொங்கும். அவர் யாருடைய நாற்காலியிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நம் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். திரையைத் தொடமாட்டார். விரல் ஓர் அங்குலம் தள்ளியே நிற்கும்.

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "வடக்கு எங்கே இருக்கு?"

"மேலே, மேடம்."

"யாரு சொன்னா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டும். படத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டு, அது சொல்லும் எண்களைப் படித்து, டெக்ஸ்ட் கோப்பில் அதே இடத்தின் வரியைத் தேடி, மதிப்பு ஒத்துப்போகிறதா என்று காட்ட வேண்டும். ஒரு மூலையில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. அதற்குப் பிறகு வேன். படாளம் கூட்ரோட்டில் இறங்கி நிற்போம். சதுரங்கப்பட்டினம் கோட்டைச் சுவரின் மூலையில் நிற்போம். கையிலிருக்கும் கருவி காட்டும் எண்களையும் படம் காட்டுவதையும் ஒப்பிடுவோம். கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்ப்பார்கள். மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு அடி இந்தப் பக்கம் நில்லு, கேட்டியா" என்று சத்தம் போடுவார்.

அவர் கோபத்தில் கத்தியதை நான் ஒரே தடவைதான் கேட்டிருக்கிறேன். கிணற்றுநீர் உப்புப் படம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒரு கிராமத்தில் யாரும் கிணறுகளை அளக்கவே இல்லை. நிரல் அந்தக் கட்டங்களில் பூஜ்யம் போட்டுவிட்டது. பூஜ்யத்துக்கு நிறம் நீலம். அதாவது நல்ல தண்ணீர். எழுதிய பையனிடம் மேடம் சொன்னார்: "தெரியல என்கிறதும் இல்ல என்கிறதும் ஒண்ணாடே? அங்க போர் போட்டு உப்புத்தண்ணி வந்தா, நீ போய்க் குடிப்பியா?" அன்று மத்தியானம் அவர் தன் டிபன் டப்பாவிலிருந்த மீன் வறுவலை அவன் தட்டில் வைத்தார். மன்னிப்பு கேட்கிற அவருடைய முறை அது.

இப்போது குப்பத்து விஷயத்துக்கு வருகிறேன்.

சதுரங்கப்பட்டினத்தைத் தாண்டித் தெற்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மீனவக் குப்பங்கள். பெயரை எழுதப்போவதில்லை. வடக்குக் குப்பம், தெற்குக் குப்பம் என்றே வைத்துக்கொள்ளலாம். கடல் கரையை அரித்துக்கொண்டிருந்தது. எந்த இடத்தில் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று ஓர் அரசுத் துறை அளந்து, வழக்கம்போல வரிக்கு மூன்று எண்ணாக எங்களிடம் கொடுத்தது. அரிப்பு அதிகமான இடம் சிவப்பு, குறைவான இடம் பச்சை. சிவப்பு விழும் இடத்தில் முதலில் கல் கொட்டுவார்கள், வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள்.

அந்த வாரம் நான் நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தேன். மேடமே நிரலை எழுதிப் படத்தை முடித்தார். நேரில் போய்ச் சரிபார்க்கும் வேலையை எங்கள் எம்.டி. இந்த ஒரு தடவை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். படம் துறைக்குப் போனது. கூட்டத்தில் சுவரில் ஒட்டினார்களாம். இரண்டு குப்பங்களிலும் போய்ச் சொன்னார்களாம்.

கல்யாண விருந்து சதுரங்கப்பட்டினத்தில் மாப்பிள்ளை வீட்டில். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரில் பார்க்காமல் போன படம் என்பது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. போனில் அந்தப் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஓர் ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போனேன்.

முதலில் வடக்குக் குப்பம். கடற்கரையை ஒட்டிய தெருவில் ஒரு பெண் மணல்மூட்டைகளை இழுத்து வீட்டு வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் எல்லம்மா என்று பிறகு தெரிந்தது. கல்பாக்கம் சந்தையில் மீன் விற்கிறவள். புருஷன் இல்லை. பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத மகள் உள்ளே படுத்திருந்தாள்.

"இன்னாம்மா பாக்குற?" என்றாள்.

"சும்மா, கடலப் பாக்க வந்தேன்."

"நல்லா பாரு. ஆபீசுலர்ந்து வந்து சொல்லிகினு போனாங்கோ. எங்களுக்குப் பச்சையாம். கடல் வராதாம். படத்துல அப்டி கீதாம்." கையை நீட்டி ஒரு மின்கம்பத்தைக் காட்டினாள். "அந்தக் கம்பம் தெருவுல நின்னுகினு இருந்துது. இப்போ தண்ணில கால வுட்டுகினு நிக்குது. படத்துல கம்பம் கீதா, கேட்டு சொல்லு."

போனைப் பார்த்தேன். நான் நின்ற இடம் பச்சை. கண் முன்னால் தென்னை மரங்களின் வேர்கள் ஆளுயரத்துக்கு வெளியே தெரிந்தன. கரை, கத்தியால் கேக்கை வெட்டியதுபோலச் செங்குத்தாக நின்றது. என் போன்தான் இடத்தைத் தப்பாகக் காட்டுகிறது என்று முதலில் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

தெற்குக் குப்பத்துக்கு நடந்தேன். அங்கே கடல் எங்கோ தூரத்தில் கிடந்தது. அகலமான மணல், அதில் வலைகளைப் பரப்பிக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடம் போனில் ரத்தச் சிவப்பு. ஒரு லாரி பாறாங்கல் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி வீட்டில் கபாலி என்ற ஒருவர் கூரைத் தகடுகளைக் கழற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார். மனைவியின் ஊரான படாளத்துக்குக் குடும்பத்தோடு போகிறாராம்.

"கடல் அவ்ளோ தூரத்துல இருக்கேண்ணா, எதுக்குப் போறீங்க?" என்று கேட்டேன்.

"சிவப்பு போட்டுட்டாங்களேம்மா. புள்ளைங்கள வெச்சிகினு யாரு பேஜாரு புடிப்பா?" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஆனால் அதை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போய் அந்த டெக்ஸ்ட் கோப்பைத் திறந்தேன். பெரிய மதிப்புகள், அதாவது அதிக அரிப்பு, எல்லாம் அட்சரேகை அதிகமான வரிகளில் இருந்தன. அட்சரேகை அதிகம் என்றால் வடக்கு. துறை சரியாகத்தான் அளந்திருந்தது. பிறகு படத்தைத் திறந்து தெற்கே சிவப்புக் கட்டம் ஒன்றைத் தொட்டேன். அதில் இருந்த மதிப்பு, கோப்பில் வடக்குப் புள்ளிக்கு உரியது. படம் தலைகீழாக இருந்தது.

எப்படி என்று நிரலைப் படித்தேன். நாங்கள் கணக்குப் போடும்போது கட்டங்களின் வரிசைகளைத் தெற்கிலிருந்து வடக்காக எண்ணுவோம். படக்கோப்போ முதல் வரிசையை வடக்கில், உச்சியில் வைக்கும். அதனால் எழுதுவதற்கு முன்னால் வரிசைகளைத் தலைகீழாகத் திருப்ப ஒரு வரி உண்டு. எங்கள் ஆபீசில் அந்த ஒரு வரி இல்லாமல் எந்தப் படமும் வெளியே போனதில்லை. அந்த மாதம் நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருந்தது. புதியது வரிசைகளைத் தானாகவே திருப்பி வைத்தது. மேடத்தின் அந்த ஒரு வரி, நேராக இருந்ததை மறுபடி திருப்பிவிட்டது. அதன் பிறகு கரையோர எல்லையை அச்சாக வைத்துப் படத்தை வெட்டியிருந்ததால் வெளி உருவம் சரியாகவே இருந்தது. உள்ளே நிறங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. இது ஐஸ் ஏரி இல்லை. பார்த்தவுடன் சிரிக்கவைக்கும் தப்பு இல்லை.

மேடம் வந்தார். என் முகத்தைப் பார்த்து, "கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலையா?" என்றார்.

"மேடம், ஒரு நிமிஷம் வாங்க."

வழக்கம்போல என் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. "படம் தப்பு" என்ற சொற்கள் வாயில் வரவில்லை. அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில், தெற்கே ஒரு சிவப்புக் கட்டத்தைத் தொட்டு, எண்களைப் படித்து, கோப்பில் அந்த இடத்தின் வரியைத் திறந்து காட்டினேன். மதிப்பு ஒத்துப்போகவில்லை. ஓரத்தில் இன்னொரு கட்டம். அதுவும் ஒத்துப்போகவில்லை. நடுவில் ஒன்றைத் தொட்டபோது மட்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. தலைகீழாகத் திருப்பினாலும் நடுவில் இருப்பது நடுவில்தானே இருக்கும்.

பின்னால் கண்ணாடிச் சங்கிலி லேசாக உரசியது.

"எழுந்திரு பிள்ளே," என்றார்.

எழுந்தேன். என் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். தானே ஒரு கட்டத்தைத் தொட்டார், இன்னொன்றைத் தொட்டார். பிறகு நிரலைத் திறந்து அந்த ஒரு வரிக்கு முன்னால் கர்சரை வைத்தார். அழிக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்டேட் ஆனதால வந்தது மேடம். யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்," என்றேன்.

"ஆபீஸ் வேனு வாசல்லதானே நின்னுச்சு? நான் ஏறிப் போகலையே," என்றார். பிறகு, "நேத்து அங்க போனியா? என்ன பாத்த?" என்று கேட்டார்.

சொன்னேன். மின்கம்பத்தைச் சொன்னேன். பிள்ளை பெற்ற பெண்ணைச் சொன்னேன். கபாலியின் கூரைத் தகடுகளைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

எம்.டி. அறைக்கு இரண்டு பேருமாகப் போனோம். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"அடுத்த வெர்ஷன்ல கரெக்ட் பண்ணிடலாம் மேடம். மழை முடிஞ்சதும் எப்படியும் புது டேட்டா தருவாங்க. இப்பப் போய் தலைகீழா குடுத்துட்டோம்னு சொன்னா நம்ம பேரு என்ன ஆகும்?"

"மழை முடியுறதுக்குள்ள அங்க வீடு இருக்காது," என்றார் மேடம்.

"நாம மேப் போடறவங்க. வீட்டக் காலி பண்றதும் பண்ணாததும் கவர்மென்ட் முடிவு."

"அவங்க நம்ம படத்தப் பாத்துதான் முடிவு பண்ணுறாங்க. நான் துறைக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன். உங்ககிட்ட அனுமதி கேக்கல, தகவல் சொல்லுதேன்."

அவர் போன் செய்தது எனக்கே அப்போதுதான் தெரியும். எம்.டி. தலையைப் பிடித்துக்கொண்டார். மேடம் வெளியே வந்து டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.

துறை விசாரிக்கிறோம், சரிபார்க்கிறோம் என்றுதான் சொன்னது. அதற்கு நாட்கள் ஆகும். மேடத்துக்குக் காத்திருக்க மனமில்லை. திருத்திய படத்தை எடுத்துக்கொண்டு அன்று மத்தியானமே வடக்குக் குப்பத்தில் போய் இறங்கினோம். எல்லம்மா கூடையோடு சந்தையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஆட்கள் சேர்ந்தார்கள்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "படம் தப்பு. உங்க பக்கம் பச்சை இல்ல, சிவப்பு. தப்பு என்னுது. நான்தான் போட்டேன்," என்றார்.

எல்லம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு வந்து பச்சைன்னாங்கோ. நாங்க சொன்னோம், கடல் வந்துகினே கீதுன்னு. எவனும் காதுல வாங்கல. படம், படம்னானுங்கோ. இன்னிக்கு வந்து நீ சிவப்புன்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ? மஞ்சளா?"

"நாளைக்கும் சிவப்புதாம்மா."

"எப்டி தப்பாச்சி?"

"மேல இருக்க வேண்டியது கீழ போயிடுச்சு. திருப்பி வச்சிட்டேன்."

"நெத்திப் பொட்ட மாத்தி வெச்சாப்ல சொல்றியே! இது வூடும்மா. உள்ள பச்ச ஒடம்புக்காரி கீறா."

கூட்டத்திலிருந்து ஒருவன் மேடத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னான். எல்லம்மாவே அவனை அதட்டினாள். மேடம் நகரவில்லை. வெயிலில் சேலைத் தலைப்பைக்கூடத் தலையில் போட்டுக்கொள்ளாமல் நின்று, திட்டி முடிக்கும்வரை கேட்டார். மென்பொருள் மாறியதைச் சொல்லலாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். மேடம் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"இப்போ நாங்க இன்னா பண்ணணும்?" என்று கடைசியில் எல்லம்மா கேட்டாள்.

"பிள்ளையையும் தாயையும் இன்னைக்கே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போங்க. வேன் இருக்கு. நான் கூட வாறேன்."

எல்லம்மா கடலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தூளியை அவிழ்த்தாள். குழந்தை அழவே இல்லை. அவள் கிளம்பியதைப் பார்த்துத்தான் அந்தத் தெருவில் மற்றவர்களும் சாமான்களை எடுத்தார்கள். படத்தை நம்பி யாரும் கிளம்பவில்லை என்பதை நான் எழுதியாக வேண்டும். எல்லம்மாவை நம்பித்தான் கிளம்பினார்கள்.

அங்கிருந்து தெற்குக் குப்பம். கபாலியின் வீட்டில் நான்கு சுவர்கள் மட்டும் நின்றன. படாளத்துக்குப் போய் அவரைத் தேடிப் பிடித்தோம். மாமனார் வீட்டு வாசலில் தகடுகளை அடுக்கிவைத்துவிட்டு அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுக் கோபப்படவில்லை.

"அப்போ நான் திரும்பிப் போவலாமா?" என்றார்.

"படம் இப்ப பச்சைன்னுதான் சொல்லுது," என்றார் மேடம்.

"நீங்க இன்னா சொல்றீங்கோ?"

மேடம் அடுக்கியிருந்த தகடுகளின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். கபாலி திரும்பிப் போகவில்லை. பிரித்த வீட்டை மறுபடி கட்ட மனம் வரவில்லை என்றார். வெகுநாள் கழித்து ஒரு தடவை படாளம் கூட்ரோட்டில் அவரைப் பார்த்தேன். கரும்பு வெட்டும் ஆட்களோடு டிராக்டரில் நின்றுகொண்டு போனார். கை தூக்கினேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

ஐப்பசி முடிவதற்குள் கடல் ஏறியது. புயல் என்று பெயர் வைக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை. காற்றும் பெரிய அலைகளும் மட்டும்தான். துறை அதற்குள் கொஞ்சம் கல்லை வடக்கே மாற்றிக் கொட்டியிருந்தது. அது போதவில்லை. காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் கரையோரத் தெருவில் கடல் பக்கத்து வரிசை முழுக்கப் போய்விட்டது. எல்லம்மாவின் வீடு முதலில் போனது. ஆள் சேதம் இல்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததாக டிரைவர் வந்து சொன்னார். ஆபீசில் யாரோ கைதட்டினார்கள். மேடம் எழுந்து கழிப்பறைப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் வேலையில் இருக்கவில்லை. போகச் சொன்னார்களா, தானே போனாரா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. துறைக்கு எழுதிய விளக்கத்தில் மென்பொருளைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை என்பது மட்டும் தெரியும். கடைசி நாளில், "ஏன் மேடம் அத எழுதல?" என்று கேட்டேன்.

"எழுதினா அவங்களுக்கு ஆறுதலா இருக்கும். மெஷின் தப்பு, சரி ஆயிடுச்சுன்னு ஃபைலை மூடிருவாங்க. நேர்ல போகாம விட்டதுதான் விஷயம். அத யாரும் மறக்கப்பிடாது, கேட்டியா." டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போனார். இப்போது மகனோடு வெளியூரில் இருக்கிறார். பெருநாளைக்கு நானும் கிறிஸ்துமஸுக்கு அவரும் போன் செய்துகொள்வோம். அந்தப் படத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசியதில்லை.

அவருடைய இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த நேரத்தைவிட எழுந்து நடந்த நேரம்தான் அதிகம்.

மார்கழியில் கடல் அடங்கியதும், புதிய கரையை மறுபடி அளந்து புதிய படம் போட வேண்டியிருந்தது. இந்தத் தடவை அளவு எடுக்கவே நான் நேரில் போனேன். கையில் கருவியோடு கரையின் விளிம்பில் நடந்துகொண்டிருந்தபோது எல்லம்மா வந்து சேர்ந்துகொண்டாள். சாலைக்கு அப்பால் தகரக் கொட்டகையில் அவளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள்.

"அந்த உசரமான அம்மா வர்லியா?"

"வேலைய விட்டுட்டாங்க."

அவள் 'ச்சு' என்றாள். இரக்கமா, போகட்டும் என்பதா, தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால் அளவு வந்ததும் நின்று காலால் துழாவினாள்.

"இங்கதான் அடுப்பு இருந்துது. வா. கரையில நின்னுகினு எழுதாத. இங்க வந்து நின்னு எழுது."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அடியில் மணல் நழுவியது. ஓர் அலை வந்து இடுப்புவரை நனைத்தது. கருவியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எண்கள் நிலைக்கட்டும் என்று காத்திருந்தேன். எல்லம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் விழாமல் இருக்கவா, அவள் விழாமல் இருக்கவா என்று சொல்ல முடியாது.

"இந்த எடத்துல இன்னான்னு எழுதுவ?"

"கடல்னு எழுதணும்."

இன்னோர் அலை வந்து போனது.

"எழுது. இந்த வாட்டியாவது தெக்கால தூக்கிப் போட்டுடாத."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கருவியை இறக்கி எண்களைப் பார்த்தேன். அவளும் என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. சத்தமா படி," என்றாள்.

படித்தேன். அலை இரைச்சலில் கேட்கவில்லை என்றாள். மறுபடி படித்தேன்.